பெருமாள் வீட்டுச் சுவரில் ஒட்டியிருந்த பத்திரிகைகள்

புதிதாக நிருபர் வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு ‘நாட்டின் விடுதலையில் பத்திரிகைகளின் பங்கு’ பற்றி எழுதித் தரவேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். இதே தலைப்பில் நான் பதினொரு மேடைகளில் பேசியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும், மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தின் சுவரிலிருந்து வெள்ளைக்காரர் காலத்துப் பத்திரிகையை உரித்தெடுத்த கதையைச் சொல்வேன். கைதட்டுவார்கள். ஒரு முறை பொன்னாடையும் போர்த்தினார்கள். நான் சொன்னதில் பொய் அதிகம் இல்லை. சொல்லாமல் விட்டதுதான் அதிகம். இந்த வயதில் இனிப் பொன்னாடை எதற்கு? விட்டதையும் சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகளின் கடைசியில் கொழும்புத் தமிழ் நாளேடு ஒன்றுக்கு நான் ஹட்டன் நிருபர். பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்துவிட்டு வந்தவன் என்பதை, கேட்காதவர்களிடமும் சொல்லும் வயது. அலுவலகம் என்பது மருந்துக்கடைக்கு மேலே ஓர் அறை, ஒரு மேசை, பூட்டுள்ள ஓர் இழுப்பறை. தொலைபேசி கீழே மருந்துக்கடையில். ஆசிரியர் கொழும்பிலிருந்து கூப்பிட்டால், இருமல் மருந்து வாங்க வந்தவர்கள் எல்லாரும் கேட்டு முடித்த பிறகுதான் நான் கேட்பேன்.

ஜனவரியில் ஒரு நாள் அப்படித்தான் கூப்பிட்டார்.

“சுதந்திர தின மலர் போடுறம் ஐசே. பத்திரிகையள் விடுதலைக்கு என்ன செய்தது எண்டு கட்டுரை. மலைநாட்டுப் பக்கம் உம்மட பொறுப்பு. ஆதாரத்தோட வேணும். சும்மா வாயால சொன்ன கதை வேண்டாம்.”

அவர்தான் எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர். ஒருவர் எதையாவது மறைக்கிறார் என்றால் அங்கேதான் செய்தி இருக்கிறது என்பது அவர் சொல்லித்தந்த முதல் பாடம். அந்தப் பாடத்தை நான் எப்படிப் பயன்படுத்தினேன் என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

ஆதாரம் தேடி அந்த மஸ்கெலியாத் தோட்டத்துக்குப் போனபோது சூசை என்ற முதியவர் கிடைத்தார். மாதா கோயிலுக்குப் போகும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் லயத்து வாசலில் உட்கார்ந்து போகிறவர் வருகிறவரை விசாரிப்பதுதான் அவர் வேலை. அந்தக் காலத்தில் தோட்டத்துக்குள் பத்திரிகை வந்ததா என்று கேட்டேன்.

“பேப்பர்னா வெள்ளக்காரத் தொரைக்கு ஆகாதுங்க சார். கேட்டுல வாச்சர நிறுத்திப் பையத் தொறந்து பாப்பாங்க. சும்மா மடிச்சு வச்சிருந்தா புடுங்கிருவாங்க. ஆனா கருவாட்டச் சுத்தியிருந்தா? அந்த வாசத்துக்கு வாச்சரே தள்ளி நின்னு போடா போடான்னு தொரத்திருவான்.”

“அப்படியே பத்திரிகை உள்ளே வந்துவிடும்?”

“பேப்பரும் வரும், கருவாடும் வரும். ஞாயித்துக்கெழம தண்ணி புடிக்கிற பீலிக்கரையில கூடி வாசிப்போம். வாசிக்கிறவரு ஒரு கையால மூக்கப் புடிச்சுக்கிட்டுத்தான் வாசிப்பாரு. தலைவருமாரு எவ்வளவு வீராவேசமா பேசியிருந்தாலும் எங்க காதுக்கு மூக்காலதான் வரும். கூட்டத்துல ஆளவிடப் பூனைதான் சார் அதிகம்.”

“அந்தப் பத்திரிகைகள் இப்போது எங்கே?”

“எங்க போகும்? செவுத்துலதான்.”

லயத்து வீடுகளில் குளிர்காற்றுக்கும் புகைக்கரிக்கும் சுவரில் பத்திரிகை ஒட்டுவார்கள். பொங்கலுக்குப் பொங்கல் மாவுப் பசை காய்ச்சி, பழையதன்மேல் புதியதை ஒட்டுவது வழக்கம். சுவரைவிடப் பத்திரிகை தடிப்பாக இருந்த வீடுகளையும் நான் பார்த்திருக்கிறேன்.

சூசை குரலைத் தாழ்த்தினார். “பக்கத்து வீடு பெருமாளு வீடு. அங்க காலண்டருக்குக் கீழ செவுத்தப் பூனை இன்னைக்கும் நக்குது சார். கருவாட்டுப் பேப்பரு அங்கதான் இருக்கணும்.”

முப்பது வருடம் கழித்தும் கருவாடு மணக்குமா என்று வரலாற்றுப் பட்டதாரி ஒரு கணம் யோசித்திருக்கலாம். நான் குறிப்பேட்டில் ‘பூனை – முக்கிய ஆதாரம்’ என்று எழுதி, அடிக்கோடும் போட்டேன்.

அடுத்த ஞாயிறு காலை, ஒரு சவரக் கத்தி, சுவரைத் திரும்ப ஒட்டிக்கொடுக்க விற்காமல் திரும்பிய பத்திரிகைகள் ஒரு கட்டு, இவற்றோடு பஸ் ஏறினேன். பெருமாள் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்பவர். நாற்பத்தைந்து வயதிருக்கும். தாராள மனசுக்காரர்.

“தாராளமா கிழிங்க சார். நாங்க எப்படியும் இந்தியா போறோம். எழுதிப் போட்டு நாலு வருசமாச்சு. வரச் சொல்லிக் கடுதாசி வந்துச்சுன்னா கெளம்பிருவோம். தொறையூர்ல என் தம்பி எங்களுக்குன்னு ஒரு அறையவே ஒதுக்கி வச்சிருக்கான்.”

சுதந்திரம் கிடைத்த கையோடு மலைநாட்டுத் தமிழர்களின் பிரஜாவுரிமை போனதும், பிறகு இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து இத்தனை பேர் அங்கே, இத்தனை பேர் இங்கே என்று பிரித்துக்கொண்டதும் நீங்கள் படித்த வரலாறுதான். பஞ்சம் வந்த வருடத்தில் பலரும் இந்தியாவுக்கு எழுதிப் போட்டார்கள். பெருமாளும் போட்டார். அவர் மனைவி மாரியாயியிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆனால் அவர் என்னிடம் நிறையச் சொன்னார்.

“மத்த செவுரெல்லாம் கிழிச்சுக்கங்க சார். அந்தச் செவுரு மட்டும் வேணாம். குளிருங்க.”

“திரும்ப ஒட்டித் தருகிறேன் அக்கா. புதுப் பத்திரிகையே கொண்டுவந்திருக்கிறேன்.”

“காலண்டர்ல முருகன் இருக்காரு. கழட்டக் கூடாது.”

“கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுக் கழற்றுகிறேன்.”

“அங்க பூரான் இருக்குங்க.”

“பூரானையும் கும்பிட்டுக்கிருவாரு. நீ போய் அடுப்புல கேத்தல வையி,” என்றார் பெருமாள்.

மாரியாயி போகவில்லை. அந்தச் சுவரில் முதுகை ஒட்டி நின்றுகொண்டார். இடுப்பு வலிக்கிறது, கொஞ்சம் சாய்ந்திருக்கிறேன் என்றார். கால் மணி நேரம் சாய்ந்திருந்தார். அதற்குள் லயமே வாசலில் கூடிவிட்டது. “தங்கச்சி, நீ வந்துட்டாலும் செவுரு விழாது. சார் வேலையப் பாக்கட்டும்,” என்றார் சூசை.

என் ஆசிரியரின் பாடம் எனக்குள் மணி அடித்தது. இந்த அம்மா எதையோ மறைக்கிறார். அங்கேதான் செய்தி இருக்கிறது. நூற்றுக்கு நூறு சரியான முடிவு. இருந்தது.

முதலில் ஓரத்துச் சுவரில் கேத்தலின் ஆவியைக் காட்டி உரித்தேன். மேலே கையில் சவர்க்காரக் கட்டி பிடித்த விளம்பரச் சினிமா நடிகைகள். அதற்குக் கீழே கூப்பன் அரிசி. அதற்கும் கீழே நிலாவில் மனிதன் நடந்தான். இன்னும் பல படலம் கீழே, தேயிலைச் சாயம் போன நிறத்தில், சுதந்திரத்துக்கு முந்திய வாரங்களின் அரைப்பக்கம் ஒன்று வந்தது. ஒரு பாதியில் வாத நோய்க்குத் தைலம். மறு பாதியில் ஒரு தலைவரின் பேச்சு. சுதந்திர நாட்டில் தோட்டத் தொழிலாளருக்கு என்னவெல்லாம் கிடைக்கும் என்று அவர் சொல்லத் தொடங்கிய இடம் வரைக்கும் இருந்தது. அதற்குமேல் பூச்சி தின்றிருந்தது.

கூட்டம் கைதட்டியது. எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் பூனை இருக்கிறதே!

மாரியாயியைப் பெருமாள் கையைப் பிடித்து நகர்த்தினார். காலண்டரைக் கழற்றினேன். அதன் கீழே பத்திரிகை இல்லை. தடித்த வெள்ளைத்தாள் ஒன்று, எழுத்துப் பக்கம் சுவரைப் பார்க்க ஒட்டப்பட்டிருந்தது. மெதுவாக உரித்துத் திருப்பினேன். ஆங்கிலத் தட்டச்சு. மேலே முத்திரை. ஏதோ இரகசிய ஆவணம் என்றே முடிவு செய்தேன். அரிசிப் பெட்டிமேல் ஏறி நின்று முதலில் ஆங்கிலத்தில் வாசித்தேன். யாருக்கும் புரியாததால் கூட்டம் பக்தியோடு கேட்டது. பிறகு மேடைத் தமிழில் பெயர்த்தேன்.

“திருவாளர் பெருமாள் அவர்களுக்கு! தங்களது விண்ணப்பம் ஏற்றுக்கொள்ளப்பட்டது…”

மறுபடி கைதட்டல். “அந்தக் காலத்துலயே பெருமாளு பேரு பேப்பர்ல வந்துருச்சா?” என்று சூசை வியந்தார்.

“…தாங்களும் தங்கள் குடும்பத்தினரும் இந்தியப் பிரஜைகளாகப் பதியப்பட்டுள்ளதால், கடவுச்சீட்டு பெறுவதற்காகக் கண்டி அலுவலகத்துக்கு…”

அப்போதுதான் என் வாய் வாசிப்பதை என் காது கேட்டது. முத்திரையில் இருந்தவை இந்தியச் சிங்கங்கள். தேதி இரண்டு வருடத்துக்கு முந்தியது. நான் மாரியாயியைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது எனக்கு வந்ததுங்களா சார்?” என்றார் பெருமாள்.

“உங்களுக்குத்தான் அண்ணே.”

பெருமாள் தாளைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், சுவருக்குக் கீழே சுருட்டி வைத்திருந்த தன் பாயைப் பார்த்தார். “அடியே, ரெண்டு வருசமா இதுக்குக் கீழதானடி படுத்துக் கெடந்தேன்!”

“ஆமா. நல்லாத்தான் தூங்குனீங்க.”

“எப்ப வந்துச்சு?”

“நீங்க காச்சல்ல கெடந்தப்ப. தோட்டத்து ஆபீசுல எங்கிட்டக் குடுத்தாங்க. சிங்கத்தப் பாத்தேன். தெரிஞ்சு போச்சு. மாவுப் பச கழண்டுரும்னு டின்பால ஊத்திக் காச்சி ஒட்டுனேன்.”

“அதான் பூனை!” என்று சூசை தொடையில் தட்டினார்.

“எனக்கு ரெண்டு வருசமாப் பிளேன்டீ, செவுத்துக்கு டின்பாலா?” என்று பெருமாள் கத்தினார். வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். பெருமாளுக்குச் சிரிப்பு வரவில்லை. மாரியாயி என்னைப் பார்த்து, “ஒங்களுக்கு வேண்டியது கெடைச்சிருச்சுல்ல சார்? போங்க,” என்றார்.

போனேன். அரைப்பக்கத்தைப் பத்திரமாகச் சுருட்டி எடுத்துக்கொண்டேன். சுவரைத் திரும்ப ஒட்டிக்கொடுக்கவில்லை. ஜனவரிக் குளிரில் அந்த வீடு மொட்டைச் சுவரோடு எத்தனை நாள் இருந்தது என்று நான் கேட்கவுமில்லை.

கட்டுரை மலரின் நடுப்பக்கத்தில் வந்தது. பூச்சி தின்ற இடத்தை நானே என் சொந்தத் தமிழில் நிரப்பியிருந்தேன். தலைவர் நான் எழுதிய அளவுக்குத் தாராளமாகப் பேசியிருக்கமாட்டார். ஒருவனைப் பற்றி எங்கோ எடுக்கப்படும் முடிவை அவன் காதில் சேர்ப்பதுதான் விடுதலைக்குப் பத்திரிகைகள் செய்த பணி என்று முடித்திருந்தேன். இன்றும் எனக்கு அந்த வரியில் நம்பிக்கை உண்டு. “பிரமாதம் ஐசே,” என்றார் ஆசிரியர். மருந்துக்கடையில் எல்லாரும் கேட்டார்கள்.

ஒரு வாரம் கழித்து மாரியாயி படியேறி வந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

“வாசிச்சது நீங்க. இப்ப எழுதுறதும் நீங்கதான் எழுதணும். நாங்க வரலேன்னு இங்கிலீசுல எழுதுங்க.”

“காரணம் கேட்பார்களே அக்கா.”

“திரும்பிப் போறோம், திரும்பிப் போறோம்னு இவரு சொல்றாரு. நான் பொறந்ததே இந்த லயத்துலதான். நான் எங்கிட்டு இருந்து வந்தேன், திரும்பிப் போறதுக்கு?”

அரசாங்க அலுவலகங்கள் அப்படிப்பட்ட காரணத்தை ஏற்காது, நோய் என்றால் தள்ளிவைப்பார்கள் என்றேன்.

“அப்ப அவருக்கு வயித்து வலின்னு எழுதுங்க.”

எழுதினேன். கடுமையான, நீண்டகால வயிற்று வலி. பதில் என் விலாசத்துக்கு வரும்படி போட்டு அன்றைக்கே தபாலில் சேர்த்தேன்.

மூன்றாம் நாள் பெருமாள் வந்தார். அவர் உட்கார்ந்தார். “ரெண்டு வருசம் வீணாப் போச்சுங்க சார். ஒடனே பாஸ்போட்டக் குடுங்கன்னு உருக்கமா ஒரு கடுதாசி எழுதுங்க. நல்ல தேகாரோக்கியமா இருக்கேன்னு மறக்காம எழுதுங்க. நோயாளின்னா தள்ளிப் போட்டுருவாங்களாம்.”

அதையும் எழுதினேன். பெருமாளுக்கு வாழ்நாளில் ஒரு தலைவலி கூட வந்ததில்லை என்று, அதே தட்டச்சுப் பொறியில், அதே நீல நாடாவில். அவர் வணங்கிவிட்டுப் போனபின் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். இரண்டும் கண்டியில் ஒரே மேசைக்குப் போகும். மூன்று நாளில் தீர்ந்த நீண்டகால வயிற்று வலியைப் பார்த்து அந்த அதிகாரி என்ன நினைப்பார்? கடிதம் எழுதிய ஹட்டன் நிருபரைப் பற்றி என்ன நினைப்பார்? நாளைக்குப் பார்க்கலாம் என்று இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன்.

மாரியாயிமேல் இரக்கப்பட்டுத்தான் பூட்டினேன் என்று வெகுகாலம் எனக்கே சொல்லிக்கொண்டேன். இரக்கம் கொஞ்சம் இருந்தது. என் பெயர் கெடும் என்ற பயம் அதைவிட அதிகம் இருந்தது. வெள்ளைக்காரத் துரை கேட்டில் வாச்சரை நிறுத்தினார். எனக்கு வாச்சர்கூடத் தேவைப்படவில்லை.

வயிற்று வலிக்குக் கண்டியிலிருந்து அவகாசம் கிடைத்தது. வருடத்துக்கு ஒருமுறை வலியைப் புதுப்பித்தோம். மாரியாயி ஒவ்வொரு முறையும் பூசணிக்காய் கொண்டுவந்தார். பெருமாள் மாதச் சம்பளத்துக்கு மறுநாள் வந்து, “பதில் வந்துச்சுங்களா சார்?” என்று கேட்டு, ஒரு பொட்டலம் தேயிலைத்தூள் வைத்துவிட்டுப் போவார். இன்னும் இல்லை அண்ணே என்பேன். போடாத கடிதத்துக்குப் பதில் வராது என்பதால் அது பொய்யும் இல்லை. நேரே கண்டிக்குப் போய்க் கேட்கும்படி லயத்தில் சொன்னார்களாம். “பேப்பர்கார சார் எழுதின கடுதாசிய விட நான் போய் என்னா பேசிறப் போறேன்?” என்றாராம். அவர் தேயிலையைக் குடித்துக்கொண்டே அவர் மனைவியின் பூசணிக்காயைச் சாப்பிட்டேன். நான் அந்தக் காலத்தில் கொஞ்சம் பருத்தேன்.

எண்பதுகளின் நடுவில், கலவரங்களுக்குப் பிறகு, தலைமன்னாரிலிருந்து இந்தியாவுக்குப் போன கப்பல் நின்றது. மாரியாயி கேட்டது நடந்துவிட்டது. எல்லாம் தானாகவே தீர்ந்தது என்று நான் நிம்மதியாக இருந்தேன். அதன்பிறகு ஒரு நாள் பெருமாள் தேயிலைத்தூள் இல்லாமல் வந்தார். துறையூரில் தம்பி இறந்துவிட்டதாகக் கடிதம் வந்ததாம். “மொகத்தப் பாத்து முப்பத்திரெண்டு வருசம் சார்,” என்றார். “அந்தப் பதிலு மட்டும் அப்பவே வந்திருந்தா…”

ஞாயிற்றுக்கிழமை இழுப்பறையைத் திறந்து கடிதத்தை எடுத்துக்கொண்டு மஸ்கெலியா பஸ்ஸில் ஏறினேன். வீட்டில் பெருமாள் இருந்தார், மாரியாயி தேங்காய் துருவிக்கொண்டிருந்தார், வாசலில் வழக்கம்போல் சூசை. எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் தயார் செய்த வசனங்கள் ஒன்றும் உதவவில்லை.

“அண்ணே, உங்கள் கடிதத்தை நான் தபாலில் போடவே இல்லை. அக்காவின் கடிதத்தைத்தான் போட்டேன்.”

“அவளுது எது?”

மாரியாயி துருவுவதை நிறுத்தினார். “வயித்து வலி,” என்றார்.

“யாருக்கு?”

“ஒங்களுக்கு.”

“ஏழு வருசமாவா?” என்றார் சூசை. “வலியோடவா பெருமாளு தெனம் அந்தத் தின்னு தின்ன?”

மாரியாயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெருமாளுக்கும் உதடு அசைந்தது. பிறகு நின்றுவிட்டது. என் கையிலிருந்த உறையைப் பார்த்தார்.

“வாசிங்க.”

“எல்லாரும் இருக்கிறார்களே.”

“அன்னைக்கும் எல்லாரும்தான இருந்தாங்க. வாசிங்க.”

இந்த முறை பெட்டிமேல் ஏறவில்லை. நின்ற இடத்திலேயே, சாதாரணத் தமிழில் சொன்னேன். ஆரோக்கியமாக இருக்கிறேன். உடனே புறப்பட ஆயத்தம். தம்பி புகையிரத நிலையத்துக்கு வந்து கூட்டிப்போவான். எங்களுக்காக ஓர் அறை ஒதுக்கி வைத்திருக்கிறான்.

“நல்லாத்தான் எழுதியிருக்கீங்க,” என்றார் பெருமாள். “போஸ்ட் பண்ணுங்க.”

“அண்ணே, கப்பல் நின்றுவிட்டது. தம்பியும்…”

“தெரியும் சார். கப்பல் இல்லேன்னு அவங்க எழுதட்டும். தம்பி இல்லாதத நான் பாத்துக்கிறேன். எனக்கு இல்லேன்னு சொல்றதுக்கு நடுவுல நீங்க யாரு?”

மாரியாயியைப் பார்த்தேன். அவர் எனக்காகப் பரிந்து பேசுவார் என்று அந்த நேரத்திலும் எதிர்பார்த்தேன். “போடுங்க சார்,” என்றார் அவர். “நான்கூட அவருக்கு வந்தத மட்டுந்தான் மறைச்சேன். அவரு எழுதச் சொன்னத மறைக்கலீங்க.”

மறுநாள் காலை தபாலில் சேர்த்தேன். நாற்பது நாள் கழித்து, என் விலாசத்துக்கு, அதே சிங்க முத்திரையோடு பதில் வந்தது. பிரித்துப் பார்க்க ஆசைதான். பிரிக்காமல் கொண்டுபோய்ப் பெருமாள் கையில் கொடுத்து, வாசிக்கட்டுமா என்று கேட்டேன்.

“வேணாங்க சார்,” என்றார். உறையைச் சட்டைப்பையில் வைத்து, அதன்மேல் கையையும் வைத்துக்கொண்டு, இங்கிலீஷ் தெரிந்த, தோட்டத்து ஆபீசின் பெரிய கிளாக்கர் வீட்டுப் பக்கமாக நடந்தார்.